"இணையத்திலிருந்து எடுக்கப்பட்டது" என்று சிவப்பு மையால் எழுதியவர்களுக்கு

செவ்வாய்க்கிழமை நான் இங்கே பகிர்ந்த ஒப்படைப் பக்கத்தைப் பார்த்தவர்களுக்கு நடந்தது தெரியும். பாடசாலையின் பெயரையோ மதிப்பிட்டவரின் பெயரையோ கேட்டு உள்பெட்டியில் எழுத வேண்டாம், சொல்ல மாட்டேன். தரம் 11 மாணவி ஒருத்தி ஆறு வாரம் உழைத்து எழுதிய வரலாற்று ஒப்படையின் கடைசிப் பக்கத்தில், அவள் ஒழுங்காக நிரல்படுத்தியிருந்த மூலங்களுக்குக் குறுக்கே கோடு கிழித்து, "இணையத்திலிருந்து எடுக்கப்பட்டது" என்று எழுதிப் பதினைந்து புள்ளிகளைக் குறைத்திருக்கிறார்கள். அந்த ஒரு வரி மூன்று நாட்களாக என்னைத் தூங்க விடவில்லை.

அவள் எடுத்துக்கொண்டது காலி மும்மொழிக் கல்வெட்டு. 1409 ஆம் ஆண்டுத் திகதியோடு சீன நாட்டில் பொறிக்கப்பட்டு, சீனக் கடற்படைத் தளபதி செங் ஹேயின் கப்பல்களில் இங்கே கொண்டுவரப்பட்ட கல் அது. 1911 இல் காலியில் ஒரு மதகின் மூடுகல்லாகக் கிடந்து கண்டெடுக்கப்பட்டது. இன்று கொழும்பு தேசிய நூதனசாலையில் இருக்கிறது. பிள்ளைகளை முதலில் அங்கேதான் அழைத்துச் சென்றேன். கல்லின் முன் நின்றார்கள், தேய்ந்துபோன எழுத்துகளைக் கூட்டி வாசிக்க முயன்றார்கள், முடியவில்லை, பின்னால் வேறொரு பாடசாலைப் பிள்ளைகள் நெருக்கவே நகர்ந்துவிட்டோம். தமிழ்ப் பகுதியைத் தொல்லியலாளர் பரணவிதான படித்து வெளியிட்ட, எபிகிராபியா செய்லானிக்கா என்னும் இலங்கைக் கல்வெட்டுத் தொகுப்பின் மூன்றாம் தொகுதியை, இணையத்தில் உள்ள ஸ்கேன் செய்த பிரதியாக வகுப்பறைச் சுவரில் பெரிதாக்கிக் காட்டிய பிறகுதான் அந்தக் கல் அவர்களோடு பேசத் தொடங்கியது. சீனப் பகுதி புத்தரையும், தமிழ்ப் பகுதி தேனாவரை நாயனார் என்னும் திருமாலையும், பாரசீகப் பகுதி அல்லாஹ்வையும் போற்றுகின்றன. காணிக்கைப் பட்டியல் மட்டும் ஏறத்தாழ ஒன்றாகவே இருக்கிறது. இதைக் கண்டுபிடித்து, "ரீச்சர், மூண்டு பேருக்கும் ஒரே அளவு குடுத்தது ஒருத்தரையும் பகைக்கக்கூடாதெண்டா?" என்று கேட்டவள் இந்தப் பிள்ளைதான். பதினெட்டு ஆண்டுகளாக வரலாறு கற்பிக்கும் எனக்கு அப்படி ஒரு கேள்வி தோன்றியதில்லை.

அவளுடைய மூலப் பட்டியலில் ஆசிரியர் பெயர், தொகுதி, பக்க எண், வைத்திருக்கும் நிறுவனம், பார்த்த திகதி எல்லாம் இருந்தன. அதன் மேல்தான் கோடு கிழித்தார்கள். ஒரு பிள்ளை நூலகத்துக்குப் போய் ஒரு புத்தகத்தைப் படித்து எழுதினால், "நூலகத்திலிருந்து எடுக்கப்பட்டது" என்று எவராவது புள்ளி குறைக்கிறோமா? புத்தகம் எது என்று பார்க்கிறோம், பக்கம் சரியா என்று பார்க்கிறோம். இணையத்தில் உள்ள ஆவணத்துக்கும் அதையே செய்யுங்கள் என்றுதான் கேட்கிறேன்.

பிள்ளைகள் வெட்டி ஒட்டுகிறார்கள் என்பீர்கள். ஒட்டுகிறார்கள், என் வகுப்பிலும் ஒட்டுகிறார்கள். ஆனால் அதே மதிப்பீட்டில், எங்கிருந்து எடுத்தோம் என்று ஒரு சொல்லும் எழுதாத ஒப்படைகள் முழுப் புள்ளி பெற்றிருக்கின்றன. மூலத்தைச் சொன்னவளுக்குத் தண்டனை, மறைத்தவர்களுக்குப் பரிசு. இதிலிருந்து அந்தப் பிள்ளைகள் எதைக் கற்றுக்கொள்வார்கள்?

நேரில் பார்ப்பதுபோல வராது என்று இரண்டு நண்பர்கள் எழுதியிருந்தீர்கள். நேரில் பார்த்தோம் என்பதை மேலே சொல்லிவிட்டேன். இன்னொன்றையும் சொல்கிறேன். திருகோணமலைக்கும் மட்டக்களப்புக்கும் இடைப்பட்ட பகுதியில் கிடைத்த, 143 செ.மீ. உயரமான, பௌத்தர்கள் வணங்கும் தாரா தேவியின் பொன்முலாம் பூசிய வெண்கலச் சிலை லண்டனில் பிரித்தானிய நூதனசாலையில் இருக்கிறது. இலங்கையின் பிரித்தானிய ஆளுநராக இருந்த பிரவுன்றிக் 1830 இல் அதை அங்கே கொடுத்தார். திருகோணமலையிலிருந்து வந்து எங்கள் பாடசாலையில் படிக்கும் ஒரு பையன் தன் ஊர்ப் பக்கத்துச் சிலையை நேரில் பார்க்க விசாவுக்கு விண்ணப்பிக்க வேண்டுமா? அந்த நூதனசாலையின் இணையப் பக்கத்தில் யார் கொடுத்தார், எங்கே கிடைத்தது என்று எழுதியிருப்பதை வாசித்துவிட்டு, ஏன் திருப்பித் தரவில்லை என்று அவன் கேட்டான். திரையில் பார்த்துத்தான் கேட்டான்.

எல்லாப் பிள்ளைகளிடமும் தொலைபேசி இல்லை, டேட்டா இல்லை என்ற குறையை மட்டும் நான் முழுமையாக ஏற்கிறேன். வீட்டிலேயே பக்கங்களைத் தரவிறக்கி, அச்செடுத்துக் கொண்டுபோகிறேன்; அது எல்லா ஆசிரியர்களாலும் முடியாது என்பதும் தெரியும். இணையப் பக்கம் ஒருநாள் காணாமல் போகும் என்பதும் உண்மை. 2023 ஒக்டோபரில் பிரித்தானிய நூலகம் இணையத் தாக்குதலுக்கு உள்ளானபோது, சுவடிப் படங்களைக் காட்டத் திட்டமிட்டிருந்த என் பாடம் அப்படியே நின்றுபோனது. அதனால்தான் தொகுதியையும் பக்கத்தையும் எழுதப் பழக்குகிறேன். பக்கம் போனாலும் அவற்றைக் கொண்டு தேடலாம். அந்த எண்களைத்தான் நீங்கள் வெட்டினீர்கள்.

இதை எழுத வேண்டாம் என்று நினைத்தேன், ஆனாலும் எழுதுகிறேன். என் தந்தையும் ஆசிரியர். 1995 ஒக்டோபர் 30 இரவு, போரால் நாங்கள் யாழ்ப்பாணத்து வலிகாமத்தை விட்டு நடந்தபோது, அவருடைய அலுமாரியை அப்படியே விட்டுவிட்டு வந்தோம். திரும்பிப் போனபோது அலுமாரியும் இல்லை, அது நின்ற சுவரும் இல்லை. அவர் எழுதி அச்சில் வந்த ஒரேயொரு கட்டுரை ஒரு பாடசாலை மலரில் இருந்தது. சாகும்வரை அதைப் பற்றிப் பேசுவார். அவர் மறைந்து பல ஆண்டுகளுக்குப் பின், வெள்ளவத்தையில் ஒரு நள்ளிரவில், 2005 இல் தொண்டர்கள் தொடங்கிய 'நூலகம்' என்னும் எண்ணிம நூலகத்தில் அந்த மலரைக் கண்டேன். யாரோ ஒருவர் தம் வீட்டில் காத்துவைத்த பிரதி, மூலையில் அவருடைய கையெழுத்தோடு. என் தந்தையின் பெயரைத் திரையில் தொட்டுப் பார்த்தேன்.

1981 இல் யாழ்ப்பாணப் பொது நூலகத்தோடு ஏறத்தாழ 97,000 நூல்களை எரியக் கொடுத்தவர்கள் நாங்கள். எஞ்சியதை ஒவ்வொரு தாளாகப் புரட்டி ஸ்கேன் செய்தவர்களின் உழைப்பின் மீது ஒரு தமிழ் ஆசிரியரே கோடு கிழித்ததைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. உங்களுக்கும் அப்படி ஓர் அலுமாரி இருந்திருக்கும்.

வெள்ளிக்கிழமை அந்தப் பிள்ளை வந்து, அடுத்த முறை மூலங்களை எழுதாமல் விடட்டுமா என்று கேட்டாள். எழுதத்தான் வேண்டும் என்றேன். மீள்மதிப்பீடு கோரிய கடிதத்தை இன்று காலை கையளித்துவிட்டேன். அவள் குறிப்பிட்டிருந்த ஒவ்வொரு பக்கத்தையும் அச்செடுத்து இணைத்திருக்கிறேன். பதில் வந்ததும் இங்கே எழுதுகிறேன்.