என் 3,700 ரூபாய் எந்தச் சர்வரில் தூங்குகிறது?

"உங்கள் புகார் தீர்த்துவைக்கப்பட்டது." இன்று காலை வந்த குறுஞ்செய்தி இது. எது தீர்ந்தது? பொங்கலுக்கு ஊருக்குப் போக டிக்கெட் எடுத்தபோது பறிபோன பணம் பதினோராவது நாளாகியும் திரும்பவில்லை. புகாரை மட்டும் மூடிவிட்டார்கள்.

இரவு பத்தே முக்கால் மணி மதுரை பஸ், ஏழாம் எண் ஜன்னலோர இருக்கை. தேர்ந்தெடுத்ததும் திரையில் எட்டு நிமிடக் கணக்கு இறங்கத் தொடங்கியது. யுபிஐயில் ரகசிய எண்ணைப் போட்டேன். 1,850 ரூபாய் பற்றாகிவிட்டதாக வங்கியின் செய்தி உடனே வந்துவிட்டது. டிக்கெட் பக்கத்தில் மட்டும் வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. ஐந்து நிமிடம். மூன்று நிமிடம். பக்கத்தை மூடாதீர்கள் என்றார்கள், மூடவில்லை. கணக்கு பூஜ்யத்துக்கு வந்ததும் "பரிவர்த்தனை தோல்வி, மீண்டும் முயலுங்கள்" என்று வந்தது. ஏழாம் எண் மறுபடியும் காலியாகத் தெரிந்தது. முயலச் சொன்னது அவர்கள்தானே? முயன்றேன். இன்னொரு 1,850 போனது. அதே வட்டம், அதே எட்டு நிமிடம், அதே தோல்வி. இந்த முறை ஏழாம் எண் வேறு யாருக்கோ போய்விட்டிருந்தது.

பிறகு தொலைபேசிப் படலம். டிக்கெட் நிறுவனம் "பணம் எங்களுக்கு வரவில்லை சார், வங்கியைக் கேளுங்கள்" என்கிறது. வங்கி "அவர்கள் கணக்கில் வரவாகிவிட்டது, அவர்களைக் கேளுங்கள்" என்கிறது. நடுவில் இருந்து பணத்தைக் கைமாற்றிவிடும் பேமென்ட் கேட்வேயோ, டிக்கெட் நிறுவனம் சொன்னால்தான் திருப்புவோம் என்கிறது. பன்னிரண்டு இலக்கக் குறிப்பு எண்ணை இவர்களுக்கு வாசித்து வாசித்து எனக்கு மனப்பாடமே ஆகிவிட்டது.

நானும் மென்பொருள் எழுதித்தான் சோறு தின்கிறேன். அதனால் "தொழில்நுட்பக் கோளாறு" என்ற சாக்கு என்னிடம் செல்லாது. இருக்கை ஒருவர் தரவுத்தளத்தில், பணம் இன்னொருவர் தரவுத்தளத்தில். எல்லோரிடமும் "தயாரா?" என்று கேட்டுவிட்டு, அதன் பிறகே "முடியுங்கள்" என்று சொல்லும் இருகட்ட முறையைக் கணினி அறிஞர் ஜிம் கிரே 1978இலேயே எழுதிவைத்தார். ஒரு பஸ் கம்பெனியின் பதிலுக்காக வங்கி தன் கணக்கைப் பூட்டிவைத்துக் காத்திருக்காது, அதனால் அந்த முறை இங்கே சரிப்படாது. ஒப்புக்கொள்கிறேன். அப்படிப்பட்ட நீண்ட வேலைகளுக்கு 1987இல் ஹெக்டர் கார்சியா மோலினாவும் கென்னத் சேலமும் 'சாகா' என்ற வழியைச் சொன்னார்களே! வேலையைச் சிறு படிகளாக உடை. ஒவ்வொரு படிக்கும் அதை ஈடுசெய்யும் எதிர்ப்படி ஒன்றை எழுதிவை. இருக்கை தர முடியவில்லையா, பணத்தைத் திருப்பு. முன்னே போகும் படிகளையெல்லாம் எழுதியவர்களுக்கு, திரும்பி வரும் அந்த ஒரு படியை எழுத மட்டும் கை வரவில்லை.

வங்கியிடமிருந்து பதில் வரவில்லை என்றால் பணம் போகவில்லை என்றா பொருள்? தெரியவில்லை என்றுதான் பொருள்! தெரியாவிட்டால் குறிப்பு எண்ணைக் கொடுத்துக் கேட்க வேண்டும். பணம் வந்திருந்தால் இருக்கையை உறுதிசெய்ய வேண்டும். என் இரண்டாவது முயற்சிக்கும் முதலில் கொடுத்த அதே அடையாள எண்ணைக் கொடுத்திருந்தால், இது பழைய கோரிக்கைதான் என்று தெரிந்து இரண்டாவது 1,850 போயே இருக்காது. எதுவும் செய்யாமல் "தோல்வி" என்று அச்சடித்துவிட்டு இருக்கையை அடுத்தவருக்கு விற்றுவிட்டார்கள். இப்படிப் பல இடங்களில் நடக்கும் வேலைக்கு ஒரு ஒருங்கிணைப்பாளர் வேண்டும். பதினோரு நாளாக அந்த வேலையைச் சம்பளமில்லாமல் நான் பார்க்கிறேன்.

ரிசர்வ் வங்கியின் 2019 செப்டம்பர் சுற்றறிக்கை இருக்கிறது. யுபிஐயில் பணம் பற்றாகி, விற்பவருக்கு உறுதி போய்ச் சேராவிட்டால் ஐந்து நாளுக்குள் தானாகத் திரும்ப வேண்டும். தாண்டினால் நாளொன்றுக்கு 100 ரூபாய் இழப்பீடு. அதைச் சொன்னால், "உங்கள் பரிவர்த்தனை வெற்றி பெற்றது, அதனால் பொருந்தாது" என்கிறது வங்கி. டிக்கெட்காரருக்குத் தோல்வி, வங்கிக்கு வெற்றி. ஒரே பணம்!

பணம் பறிபோன மறுநாள் மாலை, பெங்களூரு மடிவாளாவில் இருக்கும் பஸ் கவுன்ட்டருக்கே போய்விட்டேன். கவுன்ட்டரில் இருந்த தம்பி முதலில் பேரேட்டில் இருக்கை எண்ணுக்கு நேரே என் பெயரை எழுதினான், அப்புறம்தான் பணத்துக்குக் கை நீட்டினான். எனக்கு முன்னால் நின்ற அம்மா இரண்டு இருக்கை கேட்டு ஆயிரங்களை எடுத்து வைத்திருந்தார். ஒன்றுதான் இருக்கிறது என்று தெரிந்ததும், மேசையில் இருந்த நோட்டுகளை அப்படியே அவர் பக்கம் தள்ளிவிட்டான். அதற்கு அவனுக்கு மூன்று விநாடிகூட ஆகவில்லை.

அங்கே எடுத்த டிக்கெட் 3,200 ரூபாய். சாதாரண நாளில் ஆயிரத்துக்குள் போகிற பஸ்! அவ்வளவு வாங்கிக்கொண்டு கொடுத்த போர்வையில் ஈர நாற்றம். சார்ஜர் போடும் இடத்தில் வெறும் ஓட்டை. கர்நாடக எல்லையில் இருக்கும் அத்திப்பள்ளி தாண்டுவதற்குள்ளேயே செல்பேசி அணைந்துவிட்டது. விடிய விடிய அழைத்துப் பார்த்து அம்மா தூங்கவே இல்லை.