வீட்டு வரி மேல பழியைப் போடாதீங்க ஓனர் சார்

வாடகைக்கு வீடு விடுகிறவர்கள் இதைப் படித்தால் என்னைத் திட்டுவார்கள், பரவாயில்லை. நானும் ஓனர்தான். பெரம்பூர் பக்கம் மூன்று போர்ஷன் வீடு, கீழே நாங்கள், மேலே இரண்டு குடித்தனம்.

சென்னையில் வாடகையை ஏற்றும்போது முதலில் வருகிற வசனம், "கார்ப்பரேஷன்ல வரியை டபுள் ஆக்கிட்டான், நாங்க என்ன பண்றது?" 2022 ஏப்ரலில் அறிவித்த உயர்வைத்தான் இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். டபுள் ஆனது பலருக்கு உண்மைதான். மாநகராட்சியை விரிவாக்குவதற்கு முன்பிருந்த பழைய சென்னை எல்லைக்குள் குடியிருப்புகளுக்கு 600 சதுர அடி வரை 50 சதவீதம், 1,200 வரை 75, 1,800 வரை 100, அதற்கு மேல் 150 என்று ஏற்றினார்கள். எங்களுடையது 1,600 சதுர அடி, அரையாண்டுக்கு 2,400 ரூபாய் கட்டிக்கொண்டிருந்தோம், 4,800 ஆனது. கேட்டதும் பகீரென்றுதான் இருந்தது. ஆனால் மாதக் கணக்குப் போட்டால் கூடுதலாக 400 ரூபாய், மூன்று போர்ஷனுக்கும் பிரித்தால் தலைக்கு 133. எங்கள் தெருவில் அந்த வருடம் வாடகை 1,500 ஏறியது, சில வீடுகளில் 2,000. மிச்ச ஆயிரத்துச் சொச்சம் எந்த வரி?

அட்வான்ஸை எடுத்துக்கொள்ளுங்கள். 15,000 வாடகைக்குப் பத்து மாத அட்வான்ஸ் என்றால் ஒன்றரை லட்சம். அதை 7 சதவீத வட்டிக்கு ஃபிக்ஸட் டெபாசிட்டில் போட்டாலே வருடத்துக்கு 10,500 வருகிறது. என் வீடு மொத்தத்துக்கும் வருட வரி 9,600. ஒரே ஒரு குடித்தனத்தின் அட்வான்ஸ் வட்டியில் முழு வரியையும் கட்டிவிட்டு மிச்சமும் பார்க்கலாம். 2019இல் அமலுக்கு வந்த புது வாடகைச் சட்டம் முன்பணத்துக்கு மூன்று மாத வாடகையைத்தான் அளவாகச் சொல்கிறது, இரு தரப்பும் வேறு மாதிரி ஒப்பந்தம் போட்டுக்கொண்டால் ஒழிய. அந்த "ஒழிய"வில்தான் சென்னை முழுக்கக் குடியிருக்கிறது.

அரசாங்கத்தின் மீதும் எனக்குக் கோபம் உண்டு. 1998இல் வீட்டு வரியைச் சீராய்வு செய்தவர்கள் அப்புறம் இருபது வருடம் தொடவே இல்லை. 2018இல் திடீரென்று விழித்துக்கொண்டு, சொந்தக் குடியிருப்புக்கு 50 சதவீதம் வரை, வாடகைக்கு விட்ட வீட்டுக்கு 100 சதவீதம் வரை என்று ஆணை போட்டார்கள். அந்தக் கூடுதலை ஓனர் தன் கையிலிருந்தா கொடுப்பார்? சொந்த வீடு இல்லாதவன் தலையில்தான் விடியும் என்பது முதலில் கோட்டையில் யாருக்கும் தோன்றவில்லை, ஒரு வாரம் கழித்துத்தான் வாடகை வீட்டுக்கும் 50 சதவீதம் என்று குறைத்தார்கள். எதிர்ப்பு கிளம்பி 2019 நவம்பரில் நிறுத்தி வைத்தார்கள், பிறகு 2022இல் மொத்தமாக இறக்கினார்கள். வருடா வருடம் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றியிருந்தால் ஓனர்களுக்கு இந்த வசனமே கிடைத்திருக்காது. அதனால்தான் 2024 செப்டம்பரில் ஆண்டுக்கு 6 சதவீதம் என்று மாநகராட்சி மன்றத்தில் தீர்மானம் வந்தபோது எல்லாரும் கொதித்தார்கள், எனக்குப் பெரிதாகத் தோன்றவில்லை. என் வீட்டுக்கு அது மாதம் 48 ரூபாய்.

சரி, அப்படியானால் வாடகை வீடு வைத்திருப்பதில் செலவே இல்லையா என்றால், இருக்கிறது, நிறையவே. அது வரி ரசீதில் வராது. மொட்டை மாடியில் பதித்த பழைய தட்டு ஓடு வெடித்து, மழைக்கு மேல் போர்ஷன் சமையலறை மூலையில் ஈரம் பூத்து, சுண்ணாம்பு பொருபொருவென்று உதிர்ந்து சாம்பார் பாத்திரத்துக்குப் பக்கத்தில் விழுந்தது. ஒருவர் வந்து பார்த்துக் கெமிக்கல் அடித்தால் போதும் என்றார், அடித்தோம், அடுத்த ஐப்பசியில் அதே இடத்தில் ஒழுகல். கடைசியில் ஓடு முழுவதையும் பெயர்த்துப் புதிதாகப் போட வேண்டியதாயிற்று, பல வருட வரி ஒரே மூச்சில் போனது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது சம்ப்பில் சாக்கடைத் தண்ணீர் கலந்து, மோட்டார் மூழ்கி, காயில் கட்டுகிற கடையில் வரிசையில் நின்றோம். அதுவரை மேல் வீட்டுக்காரர்கள் கேன் தண்ணீரில் பாத்திரம் கழுவினார்கள், அந்த மாதம் வாடகையைக் குறைத்துக்கொள்ளச் சொன்னேன். நியாயம்தானே, தண்ணீர் இல்லாத வீட்டுக்கு முழு வாடகை எப்படிக் கேட்பது. அப்புறம் வீடு காலியாகக் கிடக்கும் மாதங்கள். ஆடியிலும் மார்கழியிலும் காலியானால் யாரும் குடிவர மாட்டார்கள், இரண்டு மாத வாடகை அப்படியே போச்சு.

வருமான வரியில் இதற்கெல்லாம் சேர்த்து ஒரு சலுகை இருப்பதை ஓனர்கள் யாரும் சத்தமாகச் சொல்வதில்லை. வாடகையிலிருந்து நாம் கட்டிய சொத்து வரியைக் கழித்து, மிச்சத்தில் 30 சதவீதத்தையும் அப்படியே கழித்துக்கொள்ளலாம். ஒரு ஆணிகூட அடிக்காவிட்டாலும் அந்த 30 உண்டு. ரொக்கமாக வாங்கிக் கணக்கிலேயே காட்டாதவர்களைப் பற்றி நான் பேசவில்லை, அவர்களுக்குத் தனிப் பதிவு போட வேண்டும்.

உண்மையிலேயே கையைக் கடிப்பது கடன் போட்டு அபார்ட்மெண்ட் வாங்கி வாடகைக்கு விட்டவர்களுக்குத்தான். 75 லட்சத்து ஃப்ளாட்டுக்கு 18,000 வாடகை என்றால் வருடத்துக்கு 2 லட்சத்து 16 ஆயிரம், மூன்று சதவீதம்கூட இல்லை. அதில் பராமரிப்புக் கட்டணம், வங்கி வட்டி எல்லாம் போனால் நஷ்டம்தான். புதிய வருமான வரி முறையில் அந்த நஷ்டத்தைச் சம்பளத்தோடு ஈடுகட்டவும் முடியாது. ஆனால் அவர் வாங்கியது வாடகைக்காக அல்ல, பத்து வருடத்தில் விலை இரண்டு மடங்காகும் என்ற கணக்கில். விலை ஏறினால் லாபம் முழுக்க அவருக்கு, அதுவரைக்கும் இஎம்ஐ இடிப்பதைக் குடியிருப்பவர் சரிக்கட்ட வேண்டுமா?

ஏரியாவில் ரேட் ஏறியிருக்கிறது, எனக்கும் அதே ரேட் வேண்டும் என்று நேராகச் சொல்லுங்கள். கசப்பாக இருந்தாலும் அதில் பொய் இல்லை. நாங்கள் ஒப்பந்தத்திலேயே வருடத்துக்கு 5 சதவீதம் என்று எழுதிவிடுகிறோம், வரி எவ்வளவு ஏறினாலும் அது என் பாடு. குழாய் வாஷர் மாற்றுவது குடியிருப்பவர் வேலை, வெள்ளையடிப்பது ஓனர் வேலை என்று அந்தப் புது வாடகைச் சட்டத்தின் அட்டவணையிலேயே இருக்கிறது, ஆனாலும் காலி செய்யும்போது பெயின்டிங்குக்கு என்று ஒரு மாத வாடகையை அட்வான்ஸில் பிடிக்காத ஓனர் எத்தனை பேர், கமெண்டில் கையைத் தூக்குங்கள் பார்க்கலாம்.