சென்ட்ரலுக்கு எதிரே ஜி.எச். இல்லை, ஜி.எச்.சுக்கு எதிரேதான் சென்ட்ரல்

போன வாரம் சொந்தக்காரர் ஒருவருக்குத் துணையாக ஜி.எச்.சில் அரை நாள் இருந்தேன். உள்ளே ஒருவரைத்தான் விடுவார்கள் என்பதால் நான் வெளியே மரத்தடியில். பக்கத்தில் ஒருவர் போனில் வழி சொல்லிக்கொண்டிருந்தார்: "சென்ட்ரல்ல இறங்கு, எதிர்லதான் ஆஸ்பத்திரி." எல்லோரும் அப்படித்தான் சொல்கிறோம், நானும் உட்பட. ஆனால் ஆஸ்பத்திரி இந்த இடத்துக்கு வந்தது 1772இல். சென்ட்ரல் நிலையம் எழுந்தது 1873இல். நூறு வருடம் மூத்தவருக்கு நேற்று வந்தவரை வைத்து அடையாளம் சொல்கிறோம்.

ஆஸ்பத்திரியின் வயது இன்னும் அதிகம். 1664இல் கிழக்கிந்தியக் கும்பெனியின் ஏஜென்ட் எட்வர்ட் வின்டர் காலத்தில் கோட்டைக்குள் சிப்பாய்களுக்காகத் தொடங்கியது. அப்போது அது நமக்கான இடமே இல்லை. கும்பெனிக்குத் தன் ஆட்கள் காய்ச்சலில் சாகாமல் இருக்க வேண்டும், அவ்வளவுதான். 1835இல் அதோடு ஒட்டி ஒரு மருத்துவப் பள்ளி, 1850இல் அது மெட்ராஸ் மருத்துவக் கல்லூரி (எம்.எம்.சி.). தேதிக் கணக்கு இத்துடன் போதும். நான் சொல்ல வந்தது வேறு.

சென்னையை 'மருத்துவத் தலைநகரம்' என்று சொல்லும்போது நம் கண்ணில் வருவது அப்போலோ இருக்கும் கிரீம்ஸ் சாலை. வங்காளத்திலிருந்து ரயிலேறி வருபவர்கள், அவர்களுக்காக முளைத்த லாட்ஜ்கள், பெங்காலியில் எழுதிய மெஸ் போர்டுகள். அதில் எனக்குச் சண்டை எதுவும் இல்லை. ஆனால் 1983இல் அப்போலோவைத் தொடங்கிய பிரதாப் ரெட்டி படித்தது ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில். 1978இல் சங்கர நேத்ராலயாவைத் தொடங்கிய பத்ரிநாத் எம்.எம்.சி. மாணவர். அவர்களும் அவர்களைப் போன்ற ஆயிரக்கணக்கான டாக்டர்களும் முதன்முதலில் நாடி பிடித்துப் பார்த்தது யாருடைய கையை? இலவச வார்டில் கிடந்த கூலிக்காரரின், கொத்தனாரின், மீன்காரம்மாவின் கையை. இந்த ஊரின் மருத்துவப் பெயருக்கு முதல் போட்டவர்கள் அவர்கள்தான் என்பது என் கட்சி.

நம்பாதவர்கள் ஸ்டான்லியின் பழைய பெயரைக் கேட்டுப் பாருங்கள். வடசென்னைப் பெரியவர்களுக்கு அது 'கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரி'. என் பாட்டி கடைசி வரை அப்படித்தான் சொன்னார். ஏதோ கேலிப் பெயர் என்று சின்ன வயதில் நினைத்திருக்கிறேன். கேலி இல்லை, வரலாறு. ஹைதர் அலி படையெடுப்பை ஒட்டிப் பஞ்சம் வந்து, கிராமங்களிலிருந்து ஜனங்கள் பட்டினியோடு பட்டணத்துக்கு ஓடிவந்தபோது, 1782இல் அவர்களுக்குக் கஞ்சி ஊற்றத் திறந்த மணியக்காரர் சத்திரம் அது. கஞ்சிக்கு வந்தவர்களுக்கு நோயும் இருந்தது. 1799இல் ஜான் அண்டர்வுட் என்ற டாக்டர் அங்கே வைத்தியமும் பார்க்கத் தொடங்கினார். சோறும் மருந்தும் ஒரே வாசலில். கவர்னர் ஸ்டான்லியின் பெயர் போர்டில் ஏறியது 1930களில்தான். ஜனங்கள் நாக்கில் இருந்த பெயர்தான் உண்மையான ஆவணம்.

'கோஷா ஆஸ்பத்திரி'யும் அப்படியே. திருவல்லிக்கேணி கஸ்தூரிபா காந்தி மருத்துவமனையை இன்றும் பலர் அப்படித்தான் சொல்கிறார்கள். மெட்ராஸ் வக்கீல் ஒருவரின் மனைவியாக இங்கே வந்த மேரி ஷார்லீப், ஆண் டாக்டர் தொடக்கூடாது என்பதற்காகவே பெண்கள் பிரசவத்தில் செத்துப்போவதைப் பார்த்து, 1875இல் எம்.எம்.சி.யில் சேர்ந்தார். அந்த வருடம் சேர்ந்த பெண்கள் நான்கு பேர். லண்டன் பல்கலைக்கழகம் பெண்களுக்குப் பட்டம் தரச் சம்மதித்ததே 1878இல்தான். அவர் லண்டன் போய் மேல்படிப்பு முடித்துத் திரும்பி வந்து, 1885இல் 'கோஷா' பெண்களுக்கான, அதாவது திரைமறைவுப் பெண்களுக்கான ஆஸ்பத்திரி தொடங்கக் காரணமாக இருந்தார். அதே கல்லூரியில் 1907இல் சேர்ந்தவர் புதுக்கோட்டை முத்துலட்சுமி ரெட்டி. தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்தவர். அந்தத் துக்கத்தை முப்பது வருடம் மனதில் வைத்திருந்து 1954இல் அடையாறில் பன்னிரண்டு படுக்கைகளோடு ஆஸ்பத்திரியாக மாற்றினார்.

மண்ணீரலை வீங்கவைக்கும் காலா அசார் காய்ச்சலின் கிருமிப் பெயரில் 'டோனவானி' என்று இருக்கிறதே, அந்த சார்லஸ் டோனவன் எம்.எம்.சி. பேராசிரியர். 1903இல் இறந்துபோன ஒருவரின் மண்ணீரலில் அதைக் கண்டார். அதே கிருமியைக் கண்ட பிரிட்டிஷ் ராணுவ டாக்டர் லீஷ்மன் முந்தினாரா, டோனவன் முந்தினாரா என்று சர்ச்சை வந்து, கடைசியில் ரொனால்ட் ராஸ் இரண்டு பேரையும் சேர்த்து 'லீஷ்மேனியா டோனவானி' என்று பெயர் வைத்தார். நல்ல பஞ்சாயத்து. மண்ணீரலைத் தந்தவர் மட்டும் அந்தப் பெயரில் இல்லை.

எனக்கு மிகப் பிடித்த கதை சேத்துப்பட்டில் இருக்கிறது. காசநோய் வந்தால் சானடோரியம் என்று உலகமே நம்பியிருந்த காலம். நல்ல காற்று, நல்ல சாப்பாடு, முழு ஓய்வு. தாம்பரத்தில் சவுரி முத்து என்ற டாக்டர் 1928இல் தொடங்கிய சானடோரியத்தின் பெயரில் இன்றும் ரயில் நின்று போகிறது. ஆனால் நாட்டில் நோயாளிகள் லட்சக்கணக்கில். அத்தனை பேருக்கு எங்கே போய்ப் படுக்கை போடுவது? 1950களில் ஐசோனியசிட் போன்ற மருந்துகள் கைக்கு வந்ததும் ஒரு நேர்க்கேள்வி எழுந்தது: குடிசையில் இருந்தபடியே மாத்திரை சாப்பிட்டால் போதாதா?

1956இல் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் (ஐ.சி.எம்.ஆர்.), மெட்ராஸ் அரசு, உலக சுகாதார நிறுவனம், பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் எல்லாம் சேர்ந்து இங்கே ஒரு மையம் திறந்தன. வாலஸ் ஃபாக்ஸ் என்ற ஆங்கிலேய டாக்டர் தலைமை. நகரத்தின் ஏழை நோயாளிகள் 193 பேரைச் சீட்டுக் குலுக்கிய மாதிரி இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பாதி சானடோரியத்துக்கு, மறுபாதி அவரவர் வீட்டுக்கு. இரண்டு பக்கமும் ஒரே மருந்து, ஒரு வருடம். அதில் பி.ஏ.எஸ். என்ற மருந்து கொஞ்சநஞ்சமல்ல, கைநிறைய விழுங்க வேண்டியது, வயிற்றைக் குமட்டும். வீட்டில் இருந்தவர்கள் ஒழுங்காகச் சாப்பிடுகிறார்களா என்று சொல்லாமல் கொள்ளாமல் வீட்டுக்குப் போய்ப் பார்த்தார்கள், சிறுநீரைச் சோதித்தார்கள்.

1959இல் முடிவு வெளியானது. வீட்டில் இருந்தவர்களுக்குச் சாப்பாடு மட்டம், ஓய்வு குறைவு, ஒரே அறையில் குடும்பமே நெருக்கியடித்துப் படுக்கை. அப்படியிருந்தும் குணமானதில் சொல்லும்படியான வித்தியாசம் இல்லை. எல்லோரும் பயந்தது கூட இருக்கும் பிள்ளைகுட்டிகளுக்குத் தொற்றுமே என்றுதான். அதுவும் சானடோரியம் போனவர்களின் குடும்பங்களைவிட அதிகமாக இல்லை. உலகம் முழுக்கச் சானடோரியங்கள் வேகமாக மூடப்பட்டதற்கு இந்த ஆய்வு ஒரு பெரிய காரணம். கண் முன்னால் மருந்தை விழுங்கவைக்கும் முறை பின்னாளில் உலகமெங்கும் போனதே, அதன் ஆரம்பகாலச் சோதனைகளும் இதே மையத்தில் நடந்தவைதான். கும்மட்டமும் கோபுரமும் இல்லாத சாதாரணக் கட்டடம். ஸ்பர்டேங்க் ரோட்டில் தினமும் போகிறவர்கள்கூட நின்று பார்ப்பதில்லை.

இதைச் சொன்னால் நண்பர் ஒருவர், "ஏழைகளை வைத்துச் சோதனை செய்தார்கள், அதில் என்னய்யா பெருமை?" என்பார். நியாயமான கேள்விதான். ஆனால் அன்றைக்கு அந்த ஏழைக்கு இருந்த மாற்று வழி சானடோரியம் அல்ல, பெரும்பாலும் மருந்தே இல்லாத வீடு. அந்த 193 பேரை 'சோதிக்கப்பட்டவர்கள்' என்பதைவிட 'நிரூபித்தவர்கள்' என்று சொல்லத்தான் எனக்குத் தோன்றுகிறது.

எல்லா இடத்திலும் அப்படிச் சொல்லிவிட முடியாது என்பதும் தெரியும். 1986இல் எம்.எம்.சி. நுண்ணுயிரியல் துறையில் சுனிதி சாலமன், தன் மாணவி நிர்மலாவிடம், எய்ட்ஸ் கிருமி இங்கே இருக்கிறதா என்று தேடச் சொன்னார். 'அதெல்லாம் வெளிநாட்டு வியாதி' என்று எல்லோரும் நம்பிக்கொண்டிருந்த நேரம். நிர்மலா பெண்கள் காப்பகத்தில் இருந்தவர்களிடம் ரத்தம் எடுத்தார். வைக்க இடமில்லாமல் வீட்டு ஃபிரிஜ்ஜில் வைத்தார். கணவரோடு வேலூர் சி.எம்.சி.க்குக் கொண்டுபோனார். ஆறு பேருக்கு இருப்பதாக வந்தது. நாட்டில் எச்.ஐ.வி. முதலில் உறுதியானது அப்படித்தான். சுனிதிக்கு இறந்த பிறகு பத்மஸ்ரீ வந்தது. அந்த ஆறு பெண்களின் பெயர் யாருக்கும் தெரியாது, தெரியவும் கூடாது. ஆனாலும் அந்தக் கதையை எத்தனை முறை படித்தாலும் ஃபிரிஜ்ஜைப் பற்றி யோசித்து முடித்த பிறகு, மனம் அவர்களிடம்தான் போய் நிற்கிறது.

இப்போது புதிய கட்டடங்களுக்குக் குறைச்சல் இல்லை. சட்டமன்றத்துக்கென்று கட்டிய ஓமந்தூரார் வளாகம் 2014இல் ஆஸ்பத்திரியானது. அந்தக் காலத்தில் அம்மைத் தடுப்புக்கான அம்மைப்பால் தயாரித்த கிண்டி கிங் இன்ஸ்டிடியூட் வளாகத்தில் 2023இல் ஆயிரம் படுக்கை ஆஸ்பத்திரி வந்தது. வரட்டும். அரசியல் சண்டையில் ஜனங்களுக்குப் படுக்கை கிடைத்தால் எனக்குச் சந்தோஷமே. பெயர்ப் பலகையில் தலைவர்கள் இருக்கட்டும். உள்ளே ஏதாவது ஒரு சுவரில், சேத்துப்பட்டில் '1956, 193 பேர்' என்று ஒரு வரி இருந்தால் என்ன கெட்டுப்போகும்?

அதனால் ஒரு விண்ணப்பம். பழைய மெட்ராஸ் குடும்பங்களில், அந்த ஐம்பதுகளின் கடைசியில் வீட்டிலேயே இருந்து டி.பி.க்கு மருந்து சாப்பிட்ட தாத்தாவோ சித்தியோ யாராவது இருந்தார்களா? திடீரென்று ஆள் வந்து மாத்திரையை எண்ணிப் பார்த்த கதை உங்கள் வீட்டில் பேசப்பட்டதுண்டா? பெயர் வேண்டாம், எந்தத் தெரு என்று மட்டும் கமெண்டில் சொல்லுங்கள்.