காறை எலும்புக்கு எந்த ஹெல்மெட்?

புதுச்சேரி முருங்கப்பாக்கத்தில் அந்தப் பையனுக்கு என்ன ஆச்சு என்று எல்லோருக்கும் தெரியும், வீடியோவையும் பார்த்துவிட்டீர்கள். ரோட்டோரம் நின்ற காரின் கதவு சட்டென்று திறந்தது. டியூஷன் முடிந்து சைக்கிளில் வந்தவன் அதில் மோதி விழுந்தான். கழுத்துக்கும் தோளுக்கும் நடுவே இருக்கிற காறை எலும்பு உடைந்திருக்கிறது. தலையில் ஒரு கீறல்கூட இல்லை. ஆனால் வீடியோவுக்குக் கீழே முதல் கமெண்ட் என்ன? "ஹெல்மெட் போட்டிருந்தானா?" அதற்கு அத்தனை லைக். இரண்டு நாளாக எனக்கு மனசு ஆறவில்லை.

"அப்போ ஹெல்மெட் வேண்டாம்கிறியா?" என்று கிளம்பி வருவீர்கள், தெரியும். பத்து வருஷமாக சைக்கிள் ஓட்டுகிறேன், தெருமுனைக் கடைக்குப் போனாலும் தலையில் ஹெல்மெட் இருக்கும். மூன்று வருஷம் முன்பு விடியற்காலையில் அரியாங்குப்பம் பாலத்துக்கிட்ட மணலில் டயர் வழுக்கி விழுந்தேன். எழுந்து கழற்றிப் பார்த்தால், உள்ளே இருக்கிற தெர்மாகோல் என் சுண்டுவிரல் நுழைகிற அளவுக்குப் பிளந்திருந்தது. தான் நசுங்கித்தான் அது அடியை வாங்கிக்கொள்கிறது. ஒருதடவை அடிபட்டால் அதோடு சரி, புதுசுதான் வாங்கணும். பிளந்ததை இன்னும் பீரோ மேலே வைத்திருக்கிறேன். என் பெண்ணுக்கும் வாரை மாட்டிவிட்டுத்தான் அனுப்புகிறேன். நீங்களும் போடுங்கள், பிள்ளைகளுக்கும் போடுங்கள்.

ஆனால் கதவைத் திறந்தவரை ஒருத்தராவது ஒரு வார்த்தை கேட்டீர்களா?

நெதர்லாந்தில் சைக்கிள் ஓட்டுகிறவர்களில் ஹெல்மெட் போடுகிறவர்கள் ரொம்பக் குறைவு. அங்கே சைக்கிளுக்கென்று தனிப்பாதை போட்டிருக்கிறார்கள். கார்க் கதவை எந்தக் கையால் திறக்கணும் என்றுகூட சொல்லிக்கொடுக்கிறார்கள். நம் ஊரில் டிரைவர் வலதுபக்கம் உட்காருவதால், இடது கையால் திறக்கணும். அப்படித் திறந்தால் உடம்பு தானாகத் திரும்பி, பின்னால் வருகிறவர் கண்ணில் படுவார். இதற்கு ஒரு பைசா செலவில்லை. முருங்கப்பாக்கத்தில் அந்த ஒரு கை மாறியிருந்தால் பையன் வீடு போய்ச் சேர்ந்திருப்பான்.

"ஆஸ்திரேலியாவில் கட்டாயமாச்சே" என்று ஒரு அண்ணன் எழுதியிருந்தார். உண்மைதான், விக்டோரியா மாநிலத்தில் 1990இலேயே சட்டம் வந்துவிட்டது. நம் 1988 மோட்டார் வாகனச் சட்டம் சைக்கிளுக்கு ஹெல்மெட் கேட்கவில்லை. கேட்கணும் என்றால் கேட்கட்டும், எனக்கு மறுப்பில்லை. ஆனால் சைக்கிள் ஹெல்மெட்டைச் சோதிப்பதே சுமார் ஒன்றரை மீட்டர் உயரத்திலிருந்து போட்டுத்தான், கீழே படும்போது மணிக்கு ஏறக்குறைய 20 கிலோமீட்டர் வேகம். கடலூர் ரோட்டில் உரசிக்கொண்டு போகிற பஸ் எந்த வேகத்தில் போகிறது என்று உங்களுக்கே தெரியும். ஹெல்மெட் கடைசிக் காவல். அதை முதல் கேள்வியாக ஆக்காதீர்கள்.

இது எனக்கு ஏன் இவ்வளவு வலிக்கிறது என்றால், எங்கள் அப்பா புதுச்சேரி ரோடியர் மில்லில், பஞ்சாலையில், வேலை பார்த்தவர். தவளக்குப்பத்திலிருந்து தினமும் சைக்கிள்தான். ஒருநாள் நைட் ஷிஃப்டுக்குப் போகும்போது பின்னால் வந்த வேன் இடித்துத் தள்ளிவிட்டுப் போயிடுச்சு. ஆஸ்பத்திரிக்கு வந்த ஒவ்வொருத்தரும் கேட்டது ஒரே கேள்வி: "லைட்டு எரிஞ்சுதா?" எரிந்தது. முந்தின ஞாயிறுதான் டைனமோவைக் கழற்றி, எண்ணெய் விட்டுத் துடைத்து மாட்டினார், நான்தான் பக்கத்தில் ஸ்பேனரைப் பிடித்துக்கொண்டு நின்றேன். வேனைப் பற்றி யாரும் கேட்கவே இல்லை. கட்டிலில் காலைத் தொங்கப் போட்டுக்கொண்டு, வருகிறவர்களிடமெல்லாம் "எரிஞ்சுதுங்க, எரிஞ்சுதுங்க" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். ஏதோ தப்பு பண்ணிவிட்டவர் மாதிரி. அந்தக் கால் இன்னும் தாங்கித் தாங்கித்தான் நடக்கிறது.

"அக்கறையில்தானே கேட்டோம்" என்கிறீர்கள். அக்கறை என்றால் எலும்பு கூட எத்தனை நாளாகும், பரீட்சைக்கு யார் எழுதித் தருவார்கள் என்று கேட்டிருப்பீர்கள்.

என் நண்பர்கள் பட்டியலில் இருக்கிற நாலு பேர் அந்த கமெண்டைப் போட்டிருக்கிறீர்கள். பெயர் சொல்லவில்லை. தயவுசெய்து எடுத்துவிடுங்கள். அந்தப் பையனுடைய அம்மாவும் ஃபேஸ்புக்கில் இருக்காங்க.