யுவென்டஸ் விஷயத்தில் ஒரு திருத்தம்

தம்பி, 2006-ல் இத்தாலியின் கால்பந்து கிளப்புகளான யுவென்டஸ், மிலான் இரண்டின் வீரர்களும் காசு வாங்கிக்கொண்டு தோற்றார்கள், அதனால் இரண்டு கிளப்பையும் இரண்டாம் டிவிஷனுக்குத் தள்ளினார்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். அப்படி இல்லை. தோற்கக் காசு வாங்கியிருந்தால் யுவென்டஸ் 2004-05, 2005-06 என்று வழக்கில் சிக்கிய இரண்டு சீசனும் லீகில் முதலிடத்தில் முடித்திருக்குமா? அந்த வழக்கே நடுவர்களைப் பற்றியது. யுவென்டஸின் பொது மேலாளர் லூசியானோ மோஜி, எந்த ஆட்டத்துக்கு எந்த நடுவர் என்று முடிவு செய்கிற ஆட்களோடு போனில் பேசியது ஒட்டுக்கேட்பில் சிக்கி, அதிலிருந்துதான் எல்லாம் கிளம்பியது. நம்ம மன்னார்குடி பக்கம் அறுவடை முடிந்த வயலில் கம்பு நட்டு நடத்துகிற டோர்னமென்டிலேயே, எதிர் டீம் யார் என்பதற்கு முன்னால் விசில் யார் கையில் என்றுதானே விசாரிப்பார்கள்.

அப்புறம், கீழே இறங்கியது யுவென்டஸ் மட்டும்தான். மிலானுக்குப் புள்ளிகளை வெட்டினார்கள், இறக்கவில்லை. நீங்கள் 1980-ல் இத்தாலிக் கால்பந்தில் வெடித்த டோட்டோநேரோ என்கிற சூதாட்ட ஊழலோடு குழப்பிக்கொண்டீர்கள் போல. சூதாட்டப் பணம், வீரர்கள் கைது, மிலானும் லாசியோ கிளப்பும் இறக்கப்பட்டது எல்லாம் அதில்தான். இத்தாலி அணியின் முன்கள வீரர் பாவ்லோ ரோஸி தடை வாங்கியதும் அதில்தான். தான் தப்பே செய்யவில்லை என்று சொல்லிக்கொண்டிருந்த அவர், தடை முடிந்து வந்து 1982 உலகக் கோப்பையில் 6 கோல் அடித்தார்.