பறவைச் சத்தம் மட்டும் போதாது

சில்வேவ் (மங்கலான ஒலி கொண்ட ஒரு மின்னணு பாப் இசை) பாட்டு ஒன்றைப் பற்றி ஒரு கட்டுரை படித்தேன். அந்தப் பாட்டு கனவு மாதிரி இருப்பதற்குக் காரணம் அதில் கலந்திருக்கும் பறவைச் சத்தமும் ஓடைச் சத்தமும்தான் என்கிறது அது. எனக்கு அப்படித் தோன்றவில்லை. மழைச் சத்தத்தை யார் வேண்டுமானாலும் செல்போனில் பிடித்து ஒட்டிவிடலாம். வேலை நடப்பது வேறு இடத்தில். குரல் மேல் ரிவெர்பை (பெரிய கூடத்தில் கேட்பது போன்ற எதிரொலிப்பை) ஏற்றி, வார்த்தை பாதி புரியாதபடி செய்வார்கள். சின்தசைசரின் கூர்மையான மேல் ஒலிகளை மழுங்கடிப்பார்கள். பழைய கேசட் நாடா இழுத்துக்கொண்டு ஓடுவது போல சுருதி லேசாகத் தள்ளாடும். 2009 வாக்கில் அமெரிக்காவில் வாஷ்ட் அவுட், டோரோ இ மோய் போன்ற இசைக்கலைஞர்கள் பிரபலமாக்கியது இந்த ஒலியைத்தான்.

நான் சேலம், அஸ்தம்பட்டி. ஏற்காட்டுக்கு பைக்கில் ஏறும்போது, 20 கொண்டை ஊசி வளைவுகளில் பாதி தாண்டியதும் பனி இறங்கினால், பஸ் ஹாரன் முன்னாலா பின்னாலா என்றே தெரியாது. சில்வர் ஓக் மரங்கள் நிற்கும், ஆனால் விளிம்பு இருக்காது. ரிவெர்ப் செய்வதும் அதேதான், தூரத்தைக் குழப்பிவிடுகிறது. (ஹெட்செட் போட்டுக்கொண்டு ஓட்டவில்லை, திட்டாதீர்கள். பகோடா பாயிண்டில் உட்கார்ந்துதான் கேட்டேன்.)

அப்புறம் பாட்டில் இருக்கும் அந்த ஏக்கம். கோடை மழை ஒன்று பெய்து பத்து நாளில் காப்பித் தோட்டம் மொத்தமும் வெள்ளையாகப் பூக்கும், மல்லிகை போல வாசம். மூன்று நான்கு நாளில் வாடிவிடும். பாட்டின் கடைசி அரை நிமிடம் எனக்கு அப்படித்தான் இருந்தது.

டிரம் மட்டும் கொஞ்சம் தூக்கல். சரி, அது என் ஹெட்செட் கோளாறாகவும் இருக்கலாம்.