சாகிறவனை முழுசாகச் சாக விடுங்கள்

ரிமோட் சோபா இடுக்கில் மாட்டியிருந்தது. நான் கையை விட்டுத் துழாவி அதை எடுப்பதற்குள் ஐந்து, நான்கு, மூன்று என்று எண்ணி முடித்து அடுத்த எபிசோடைத் தொடங்கிவிட்டார்கள். டமடமவென்று டைட்டில் இசை. பக்கத்தில் உட்கார்ந்திருந்த அக்கா மகள் கண்ணைத் துடைத்துக்கொண்டே என்னைப் பார்த்து, "மாமா, அவ்வளவுதானா? முடிஞ்சிடுச்சா?" என்று கேட்டாள்.

முடியவில்லை கண்ணே. முடிய விடவில்லை.

இரண்டு நாளாகியும் ஆத்திரம் அடங்கவில்லை, அதனால் எழுதுகிறேன். நாங்கள் ஒரு ஸ்ட்ரீமிங் ஆப்பில் பார்த்துக்கொண்டிருந்தது 'பீஸ்ட் வார்ஸ்'. உருமாறும் இயந்திரன்களின் கதையான டிரான்ஸ்ஃபார்மர்ஸ் வரிசையில் 1996-ல் தொடங்கி 1999-ல் முடிந்த தொடர், மொத்தம் 52 எபிசோடு. கனடாவின் வான்கூவரில் இருந்த மெயின்ஃபிரேம் நிறுவனம் முழுக்கக் கணினியிலேயே உருவாக்கியது. அன்றைய கணினிகளை வைத்துக்கொண்டு ஒரு புதுப் பாத்திரத்தை உருவாக்குவது பெரிய வேலை, பெரிய செலவு. அதனால் பாத்திரங்கள் குறைவு. ஆதிகாலத்துப் பூமி, அதில் காடு, பாறை, மலை, இரண்டு பக்கமும் ஆளுக்கொரு விழுந்த விண்கலம், அவ்வளவுதான் உலகம். இன்றைக்குப் பார்க்கும் பிள்ளைகளுக்குப் படம் கொஞ்சம் பழசாகத்தான் தெரியும். என் மருமகளும் முதல் நாள் "என்ன மாமா, பொம்மை மாதிரி இருக்கு" என்றாள். நான்காவது நாள் பள்ளிவிட்டு வந்ததும் பையைக் கழற்றாமலே "போடு மாமா" என்றாள். விரல்விட்டு எண்ணக்கூடிய அந்தப் பத்துப் பதினைந்து பேரையும் அவ்வளவு நெருக்கமாக நமக்குப் பழக்கிவிடுவார்கள்.

அதில் ஒருவன் டைனோபாட். ராப்டர் டைனோசராக மாறுகிறவன். எதிரிக் கூட்டமான பிரிடகான்களிடமிருந்து தொடரின் தொடக்கத்திலேயே முறைத்துக்கொண்டு நல்லவர்களான மேக்சிமல்கள் பக்கம் வந்துவிடுகிறான். வந்தாலும் யாரும் அவனை முழுதாக நம்புவதில்லை. எலியாக மாறும் ராட்ராப்புக்கும் அவனுக்கும் நாளெல்லாம் வாய்ச்சண்டை. நடுவில் ஒருமுறை மனம் தடுமாறிப் பழைய கூட்டத்துக்கே திரும்பி, தங்கத் தட்டை அதன் தலைவன் மெகட்ரான் கையில் கொடுத்துவிடுகிறான். 1977-ல் வாயேஜர் விண்கலத்தோடு அனுப்பினார்களே, அந்தத் தங்கத் தட்டைத்தான் இந்தக் கதைக்குள் கொண்டுவந்திருக்கிறார்கள். பிறகு திருந்தித் திரும்பி வந்துவிட்டாலும் அந்தக் குற்ற உணர்வு அவனை விடுவதில்லை.

இதெல்லாம் சேர்ந்து வெடிக்கிற இடம் இரண்டாம் சீசனின் ஒன்பதாவது எபிசோடு, 'கோட் ஆஃப் ஹீரோ'. 1998 மார்ச்சில் முதலில் ஒளிபரப்பானது. எழுதியவர் இயன் வீர். பார்க்காதவர்கள் இங்கேயே நிறுத்திவிட்டு, பார்த்த பிறகு வாருங்கள். நான் முழுக்கதையும் சொல்லப்போகிறேன். ஆனால் இப்படி எச்சரித்துவிட்டுச் சொல்கிறேன். அந்த ஆப் எங்களுக்கு அதுகூடச் செய்யவில்லை.

அதைத்தான் முதலில் கேட்கவேண்டும். எபிசோடின் பெயருக்குக் கீழே ஒரு வரி போட்டிருக்கிறார்கள். டைனோபாட் உயிர்த்தியாகம் செய்கிறான் என்று. ஒரே வரி, முழு எபிசோடும் அதில் அடக்கம். பக்கத்தில் சின்னப் படமாக என்ன வைத்திருக்கிறார்கள் தெரியுமா? அவன் விழுந்து கிடக்கிற காட்சியை! 20 சொச்சம் நிமிடத்தில் ஆயிரக்கணக்கான ஃபிரேம் இருக்கிறது. அதில் வேறு ஒன்று கிடைக்கவில்லையா உங்களுக்கு? பிளே பட்டனை அழுத்துவதற்கு முன்பே குழந்தை கேட்டுவிட்டாள், "மாமா, இவன் சாகப்போறானா?" நான் என்ன சொல்வேன்? "பாரு, பாரு" என்று மழுப்பினேன். ஒன்றரை வாரமாகப் பொத்திப் பொத்திக் கொண்டுவந்த விஷயம், நொடியில் போச்சு.

சரி, அதையும் தாண்டி எபிசோடு அவளைப் பிடித்துக்கொண்டது. அப்படிப்பட்ட எபிசோடு அது. தொடக்கத்திலேயே வாளும் கையுமாக, இனி இருந்து என்ன பயன் என்று விரக்தியின் விளிம்பில் நிற்கிறான் அவன். அவனை அரித்துக்கொண்டிருப்பது ஒரே கேள்வி. நடக்கப்போவதெல்லாம் ஏற்கெனவே எழுதி வைக்கப்பட்டதா, இல்லை நம் கையில் இருக்கிறதா? அதற்கு விடையை எதிரியே காட்டுகிறான். தட்டில் பதிந்திருக்கும் எதிர்காலப் படத்தில் ஒரு மலை இருக்கிறது. மெகட்ரான் இந்தக் காலத்து மலையைத் தகர்க்கிறான், தட்டில் இருக்கும் படமும் மாறுகிறது. அப்படியென்றால் தலையெழுத்து என்று ஒன்று கிடையாது. மாற்றலாம். அந்தச் சந்தோஷத்தை முழுசாக அனுபவிக்கக்கூட அவனுக்கு நேரமில்லை. ஏனென்றால் மெகட்ரான் அடுத்து மாற்றக் கிளம்புவது பள்ளத்தாக்கில் வாழும் ஆதிமனிதர்களை. அவர்களை அழித்துவிட்டால் மனித இனமே இருக்காது.

மற்ற மேக்சிமல்கள் வந்து சேர நேரமாகும். இவன் ஒருத்தன்தான் இருக்கிறான். தேர்வு தன்னுடையது என்று இப்போதுதான் தெரிந்தது, ஆனால் இனித் தேர்ந்தெடுக்க எதுவுமில்லை, நான் போர்வீரன் என்கிற அர்த்தத்தில் பேசிவிட்டு இறங்குகிறான் பாருங்கள், அந்த இடத்தில் என் மருமகள் என் முழங்கையைப் பிடித்த பிடியில் நகம் பதிந்துவிட்டது.

அதற்கப்புறம் சண்டை. மெகட்ரானின் ஆட்களை ஒவ்வொருவராக வீழ்த்துகிறான். ஒவ்வொருவருக்கும் ஒரு விலை கொடுக்கிறான். அவன் உடம்புக்குள்ளேயே இருக்கும் கணினி, சக்தி தீர்ந்துகொண்டிருக்கிறது என்று எச்சரித்துக்கொண்டே இருக்கிறது. கடைசியில் மெகட்ரான் முன்னால் நிற்கும்போது அவனிடம் ஆயுதம் எதுவுமே இல்லை. ஒரு மரக்கிளை, ஒரு கல். இரண்டையும் சேர்த்து ஒரு சுத்தியல் செய்கிறான். வேற்றுக்கிரகத்து இயந்திரன், கற்கால ஆயுதத்தை எடுத்து அடிக்கிறான். பிறகு மிச்சமிருக்கும் கடைசித் துளி சக்தியைத் திரட்டி, கண்ணிலிருந்து பாய்ச்சும் ஒளியால் அந்தத் தட்டையே பொடியாக்கிவிடுகிறான். அதைச் செய்தால் தான் பிழைக்க முடியாது என்று தெரிந்தே செய்கிறான்.

நண்பர்கள் வந்து சேரும்போது எல்லாம் முடிந்திருக்கிறது. ராட்ராப் குனிந்து அவனிடம் பேசுகிறான். அப்போதும் வாய்ச்சண்டைதான். நீ எங்கே நிற்கிறாய் என்று தெரிந்ததில் சந்தோஷம் என்கிறான் எலி. உன் நாற்றம் என் மேல் வீசாத பக்கமாகத்தான் என்கிற தோரணையில் அவன் பதில் சொல்கிறான். சாகும்போதும் அந்தக் குசும்பு. எங்கள் வீட்டில் ஒரே நேரத்தில் சிரிப்பும் அழுகையும். இந்த இரண்டு குரலையும் பேசியவர் ஒரே ஆள், ஸ்காட் மெக்னீல். டைனோபாட், ராட்ராப் மட்டுமல்ல, எதிர்த்தரப்பில் இருக்கும் வாஸ்பினேட்டர், பிறகு வந்து சேரும் சில்வர்போல்ட், எல்லாம் அவரே. ஒரு மனிதர் தனக்குத்தானே விடைகொடுத்துக்கொள்கிறார், கேட்கிற யாருக்கும் அது தெரியாது. கடைசியில் வருகிற பெயர்ப் பட்டியலில் அவர் பெயரைக் காட்டி, "ரெண்டு பேரும் ஒருத்தர்தான்" என்று அவளிடம் சொல்லலாம் என்று நான் காத்துக்கொண்டிருந்தேன். அவள் வாய் பிளப்பதைப் பார்க்கவேண்டும் என்று ஆசை.

அப்புறம் அந்தக் கடைசிப் பேச்சு. என் கதையைக் கேட்பவர்களுக்குச் சொல்லுங்கள், உள்ளதை உள்ளபடி சொல்லுங்கள், நல்லதோடு கெட்டதையும் சேர்த்தே சொல்லுங்கள் என்கிறான். முடிப்பது ஹாம்லெட்டின் கடைசி வார்த்தைகளோடு. மீதி மௌனம்.

மீதி மௌனம் என்று சொல்லிவிட்டுக் கண்ணை மூடுகிறான். அதற்குப் பிறகு எபிசோடே ஏறக்குறைய மௌனம்தான். சிதை எரிகிறது. தலைவன் இரண்டு வார்த்தை சொல்வதோடு சரி, வேறு யாரும் பேசுவதில்லை. தொடர் முழுக்க வெடியும் கூச்சலுமாக இருந்தவர்கள், அந்த ஒரு இடத்தில் வாயை மூடிக்கொண்டு நம்மையும் மூடிக்கொள்ளச் சொல்கிறார்கள்.

சரியாக அந்த இடத்தில், படம் சுருங்கி வலது மூலையில் தபால்தலை அளவுக்குப் போய் ஒட்டிக்கொண்டது. திரை முழுக்கப் பளபளவென்று அடுத்த எபிசோடின் படம். 'அடுத்து' என்று கொட்டை எழுத்து. கீழே ஓடுகிற எண்கள். இழவு வீட்டில் பாடையைத் தூக்குவதற்குள் வந்து, பந்தலைப் பிரிக்கட்டுமா, அடுத்த வீட்டுக் கல்யாணத்துக்கு வேண்டும் என்று கேட்டால் எப்படி இருக்கும்? அப்படி இருந்தது எனக்கு.

இது எப்படி நடக்கிறது என்று யோசித்துப் பார்த்தேன். ஒவ்வொரு எபிசோடிலும், இந்த நொடியோடு கதை முடிந்தது, இனி பெயர்ப் பட்டியல்தான் என்று ஒரு குறி வைத்திருப்பார்கள். அந்தக் குறி வந்தால் படம் சுருங்கும், எண்ணிக்கை ஓடும். இங்கே அந்தக் குறி கதை முடிவதற்கு முன்பே விழுந்திருக்கிறது. வசனம் இல்லை, இருட்டுத் திரை, மெல்லிய இசை என்பதைப் பார்த்து மென்பொருள் தானாகக் குறித்துவிட்டதா, இல்லை யாரோ ஒருவர் எபிசோடைப் பார்க்காமலே கணக்குப்போட்டு வைத்தாரா? எதுவாக இருந்தாலும் எனக்கு ஒன்றுதான். ஒரு மனிதர்கூட உட்கார்ந்து கடைசிவரை பார்க்கவில்லை. பார்த்திருந்தால் அந்த இடத்தில் கை வைக்க மனசு வந்திருக்காது.

பழைய தொடர், இருபத்தைந்து வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது, குழந்தைகள் பார்க்கிறது, இதற்குப் போய் என்று சிலர் சொல்வார்கள். குழந்தைகள் பார்க்கிறது என்பதால்தான் எனக்கு இவ்வளவு கோபம். டிரான்ஸ்ஃபார்மர்ஸ் குழந்தைகளை இதற்கு முன்னும் அழ வைத்திருக்கிறது. 1986-ல் வந்த திரைப்படத்தில் நாயகன் ஆப்டிமஸ் பிரைமைக் கொன்றார்கள். பழைய பொம்மைகள் போதும், புதுப் பொம்மைகளுக்கு இடம் வேண்டும் என்கிற கணக்கில் கொன்றார்கள். அரங்குகளில் பிள்ளைகள் தேம்பித் தேம்பி அழுதார்கள், எதிர்ப்புக் கிளம்பியது, 1987-ல் இரண்டு பாகமாக ஒரு கதை செய்து அவரைத் திரும்பக் கொண்டுவர வேண்டியதாயிற்று. அங்கே சாவு என்பது கடை அலமாரியைக் காலி செய்கிற வேலை. டைனோபாட்டின் சாவு அப்படி இல்லை. அவன் முதல் நாளிலிருந்து செய்த எல்லாத் தப்பும் சரியும் சேர்ந்து அவனை அங்கே கொண்டுவந்து நிறுத்துகிறது. பொம்மை விற்பதற்காக எடுத்த தொடருக்குள் ஒரு கூட்டம் இவ்வளவு நேர்மையாக உழைத்திருக்கிறது. அந்த உழைப்பின் கடைசி அரை நிமிடத்தைத்தான் வெட்டிப் போட்டிருக்கிறார்கள்.

பின்னால் ஓட்டிப் பார்க்கவேண்டியதுதானே என்பீர்கள். ஓட்டினேன். முந்தைய எபிசோடுக்குப் போனால், இதை நீங்கள் பார்த்து முடித்துவிட்டீர்கள் என்று முதலிலிருந்து தொடங்குகிறது. கடைசிக்கு இழுத்தால், அந்தக் குறியைத் தாண்டியதும் மறுபடி சுருங்கி மறுபடி எண்ணுகிறது. நான்கு முறை. நான்காவது முறை 'இதையே பார்க்கிறேன்' என்கிற பட்டனை நான் கண்டுபிடித்தபோது அவள் தண்ணீர் குடிக்க எழுந்து போய்விட்டாள். அழுகை நின்றுவிட்டது. அந்த நேரம் போய்விட்டது.

இந்தத் தானியங்கி வேலையை நான் நிறுத்தி வைத்திருந்தேன் என்பதுதான் இதில் கொடுமை. செட்டிங்ஸில் தேடித் தேடி, டிவியில் கிடையாது, கணினியில்தான் உண்டு என்று தெரிந்துகொண்டு, போன மாதமே அணைத்தேன். அது என் புரொஃபைலுக்கு மட்டும்தானாம். குழந்தையின் புரொஃபைலுக்குத் தனியாக அணைக்க வேண்டுமாம். எல்லாவற்றையும் விடாமல் பார்த்துக்கொண்டே இருக்கக்கூடிய குழந்தையின் பக்கத்தில் அது தானாகவே ஓடுகிறது! புகார் எழுதினேன். உங்கள் கருத்துக்கு நன்றி, தடையில்லாத அனுபவம் தருவதே எங்கள் நோக்கம் என்று பதில் வந்தது. தடையே நீங்கள்தானே ஐயா! மாதாமாதம் சுளையாகப் பணம் வாங்கிக்கொண்டு, படம் முடியும்வரை ஓரமாக நிற்க முடியாதா உங்களால்?

அவள் பார்க்காமல் போன காட்சி எது தெரியுமா? சிதை எரிந்த பிறகு, அந்தப் பள்ளத்தாக்கில் ஒரு ஆதிமனிதன் வருகிறான். கீழே டைனோபாட் செய்த சுத்தியல் கிடக்கிறது. அதை எடுக்கிறான். மனிதன் கையில் முதல் கருவி. ஒருவார்த்தை வசனம் கிடையாது. அந்த எபிசோடு கேட்ட கேள்விக்கெல்லாம் விடை அந்தக் கைதான்.

மறுநாள் காலையில் போனில் அந்த இடத்தைத் தேடி எடுத்து அவளுக்குக் காட்டினேன். பள்ளி வேன் தெருமுனையில் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தது. ஒரு கையால் ஷூ மாட்டிக்கொண்டே பார்த்தாள். "ஓ, அந்தச் சுத்தியலை எடுத்துட்டானா" என்றாள். பையை மாட்டிக்கொண்டு ஓடிவிட்டாள்.